வாங்கலும் கிடைத்தலும்: 'கெட்' என்னும் ஆங்கில வினையின் போக்கு

வீட்டுப்பாடத்தை எழுதாமல் விளையாடப் போய்விட்ட பையனைப் பார்த்து, "அப்பா வரட்டும், இன்னைக்கு நல்லா வாங்கப் போற" என்று அம்மா சொன்னால், அவன் எதை வாங்கப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் இதே நிலையில் இருக்கும் தாயும் ஏறத்தாழ இதே சொல்லைத்தான் பயன்படுத்துவாள்: "யூ ஆர் கோயிங் டு கெட் இட்". அங்கும் கிடைக்கப் போவது அடியா திட்டா என்பது சொல்லப்படுவதில்லை. கேட்கிற பிள்ளைக்கு அது தெரியும். 'கெட்' என்னும் வினையைத் தமிழர் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வாயில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் அந்த வாயில் வழியாக யாரையும் அழைத்துச் செல்வதில்லை. 'கெட்' என்றால் 'பெறு' என்று ஒரே ஒரு பொருளை மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிடுகிறோம்.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. "இட் இஸ் கெட்டிங் டார்க்" என்பது இருட்டிக்கொண்டு வருகிறது என்பதைக் குறிக்கிறது. அங்கே யாரும் எதையும் பெறவில்லை. "கெட் லாஸ்ட்" என்பது தொலைந்து போ என்னும் வசை. "ஹி காட் ஃபயர்டு" என்றால் அவருக்கு வேலை போய்விட்டது என்று பொருள். பெற்றது ஒன்றுமில்லை, இருந்ததும் போயிற்று. இவற்றையெல்லாம் பார்த்த மாணவர், இந்தச் சொல்லுக்குக் கணக்கற்ற பொருள்கள் இருக்கின்றன போலும் என்று முடிவு செய்து, பட்டியல் போட்டு உருப்போட ஆரம்பிக்கிறார். பட்டியல் நீள நீளக் குழப்பமும் நீள்கிறது. என் பார்வையில், 'கெட்' பல பொருள்களைக் கொண்ட சொல் என்பதைக் காட்டிலும் ஒரே ஓர் அசைவைக் குறிக்கும் சொல் என்பதே பொருத்தம். இல்லாத நிலையிலிருந்து உள்ள நிலைக்கு வந்து சேர்வதுதான் அந்த அசைவு. வந்து சேர்வது பொருளா, இடமா, நிலைமையா, துன்பமா என்பதை அந்த வினை சொல்லாது. அதற்கு அடுத்து நிற்கும் சொல்தான் சொல்லும்.

இப்படிப்பட்ட வினைகள் அகராதிக்காரர்களையே திணறடித்தவை. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில் இவற்றைப் பற்றித் தனியாகவே முறையிட்டிருக்கிறார். பொருள் தளர்ந்தும், பயன்பாடு வரையறையற்றும், முதற்கருத்திலிருந்து வெகுதூரம் விலகியும் கிடக்கும் ஒரு வகை வினைகள் ஆங்கிலத்தில் அளவுக்கு மீறி இருப்பதாகவும், அவை தம் உழைப்பைப் பெருக்கிவிட்டதாகவும் அவர் எழுதினார். கொடு, போ, ஓடு, போடு, எடு, திரும்பு, எறி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களோடு 'கெட்' என்பதும் அவர் தந்த வரிசையில் இருக்கிறது. ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் தனியாளாக எடைபோடத் துணிந்தவர் கை சலித்த இடம் அரிய சொற்களில் இல்லை, நாள் முழுவதும் எல்லாருடைய வாயிலும் புழங்கும் சின்னஞ்சிறு சொற்களில்தான் என்பது கவனிக்கத்தக்கது.

இத்தனைக்கும் 'கெட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லும் அன்று. வைக்கிங்குகள் எனப்படும் வடகடல் மக்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறித் தங்கியபோது, அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து 'கெட்டா' என்னும் வினை ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பழைய ஆங்கிலத்தில் இதே வேர் தனித்து நில்லாமல் முன்னொட்டோடு சேர்ந்தே வழங்கியது. மறத்தலைக் குறிக்கும் 'ஃபர்கெட்', மகவைத் தோற்றுவித்தலைக் குறிக்கும் 'பிகெட்' ஆகிய இரண்டும் அந்தப் பழைய வடிவங்களின் வழிவந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேரின் முதலெழுத்து யகரம் போல ஒலித்தது. இன்று நாம் கேட்கும் வல்லொலி நோர்ஸ் தந்தது. அந்தக் குடியேற்றம் நிகழாமல் இருந்திருந்தால் ஆங்கிலேயர் இன்று 'யெட்' என்பது போல எதையாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். 'ஃபர்கெட்' என்பதன் உட்பொருளும் சுவையானது: பிடித்திருந்ததை நழுவவிடுவதுதான் அங்கே மறத்தல். பற்றுதலைக் குறிக்கும் 'பிரெஹெண்டெரே' என்னும் லத்தீன் வினையும் இதே தொல்வேரிலிருந்து கிளைத்தது என்பது மொழிநூலார் கொள்கை. புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் 'காம்ப்ரிஹெண்ட்', சிறையைக் குறிக்கும் 'பிரிசன்' ஆகியவை அந்த லத்தீன் வினையின் வழியில் வந்தவை. ஆகவே, "ஐ காட் இட்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொருளைப் பிடித்துவிட்டார் என்றும் கொள்ளலாம், கருத்தைப் பிடித்துவிட்டார் என்றும் கொள்ளலாம். கருத்தைக் குறிக்கும் இந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேச்சில் தலைகாட்டியது. நாமும் திருடன் பிடிபட்டான் என்கிறோம், கணக்கு இப்போதுதான் பிடிபட்டது என்றும் சொல்கிறோம்.

பழைய நோர்ஸ் 'கெட்டா'வுக்குப் பொருளை அடைதல், பிள்ளையைப் பெறுதல் என இரு பொருள்களும் இருந்தன. தமிழ்ப் 'பெறு'வுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு; பரிசு பெற்றவரும் உண்டு, பிள்ளை பெற்றவரும் உண்டு. பெற்றோர் என்னும் சொல்லும், மருத்துவமனைப் பலகைகளில் நாம் காணும் மகப்பேறு என்னும் சொல்லும் அதன் சாட்சிகள். ஒருவகையில், 'கெட்' என்றால் 'பெறு' என்று எழுதிய அகராதிக்காரர் ஆழமான உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வேரில் பொருந்துவது வழக்கில் பொருந்தவில்லை. 'பெறு' எழுத்துத் தமிழுக்கு உயர்ந்துவிட்டது. 'கெட்' தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறது. நாம் யாரும் கடைக்குப் போய் அரைக் கிலோ தக்காளி பெற்று வருவதில்லை.

தெருவில் 'கெட்'டுக்கு இணையாக நிற்பவை 'வாங்கு', 'கிடை', 'வா', 'ஆகு', 'படு' ஆகியவை. இவற்றுள் 'வாங்கு' மிக நெருங்கிய உறவு. மார்க் வாங்கினான், பட்டம் வாங்கினான், கடன் வாங்கினான், நல்ல பேர் வாங்கினான், திட்டு வாங்கினான், அடி வாங்கினான் என்று நாம் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஆங்கிலத்தில் 'காட்' என்பதைத் தயங்காமல் வைக்கலாம். ஆட்களிடம் வேலை வாங்குவது என்னும் தொடருக்கும் இந்த வினையே ஈடுகொடுக்கும். காசு கொடுத்து வாங்குவது இவற்றுள் ஒன்று மட்டுமே. அதையே முதற்பொருளாக எண்ணிப் பழகியதால், 'வாங்கு' எவ்வளவு அகலமான சொல் என்பதை நாம் கவனிக்காமலே வாழ்கிறோம்.

ஆனால் தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. நம் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் விளைகின்றன. எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்கு உங்கள் கடிதம் கிடைத்தது, எனக்கு ஒரு யோசனை தோன்றியது, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது ஆகிய ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஐந்திலும் 'நான்' எழுவாய் இல்லை. காய்ச்சலும் கடிதமும் யோசனையும் தாமே வருகின்றன. அவை வந்து சேரும் இடமாக, நான்காம் வேற்றுமை உருபை ஏற்று 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்கிறேன். வினைகளும் ஐந்து விதம். ஆங்கிலம் இந்த ஐந்தையும் "ஐ காட்" என்று தொடங்கிவிடுகிறது. அங்கே 'நான்' எழுவாய் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும், உண்மையில் எதையும் செய்யவில்லை. பெயருக்கு எழுவாய், நடப்பில் நம் 'எனக்கு'தான். இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும்: தமிழில் 'எனக்கு' என்று தொடங்கி வந்தது, கிடைத்தது, பிடித்தது என்று முடியும் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கெட்' கைகொடுக்கும். 'வருதல்' என்பதை நேராகப் பெயர்த்து, காய்ச்சல் தனக்கு 'கேம்' ஆனதாக ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு விதியைச் சொல்வதைவிட இதைக் காட்டுவது மேல்.

எதிர்த்திசையில் மொழிபெயர்க்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. "கெட் மீ எ காஃபி" என்று ஒரு கதையில் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எழுதுகிறவர் சற்று நின்று யோசிக்க வேண்டும். கடையிலிருந்து என்றால் வாங்கிக்கொண்டு வா. அடுக்களையில் ஏற்கெனவே ஆற்றி வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு வா. இனிமேல்தான் பால் காய்ச்ச வேண்டும் என்றால் போட்டுக்கொண்டு வா. காப்பி எந்த வழியில் வருகிறது என்பதைத் தமிழ் வினை சொல்லியாக வேண்டும். ஆங்கில வினைக்கு வழியைப் பற்றிக் கவலையில்லை. காப்பி கைக்கு வந்து சேர்ந்தால் சரி. முன்பின் பக்கங்களைப் புரட்டி, அந்த வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிய பிறகே இந்த நான்கு சொற்களை மொழிபெயர்க்க முடியும்.

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாகப் பண்புச்சொல் அடுத்து வந்தால், 'கெட்' நம் 'ஆகு' ஆகிவிடுகிறது. நேரமாகிறது, வயதாகிறது, சூடாகிறது, சோறு ஆறிப்போகிறது என்பவற்றையெல்லாம் 'கெட்டிங்' என்பதோடு தாமதம், முதுமை, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றுக்கான பண்புச்சொற்களைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். இங்கேயும் வந்து சேர்தல்தான் அடிப்படை. வந்து சேர்வது ஒரு நிலைமை என்பதே வேறுபாடு. எனினும் தமிழ் 'ஆகு'வின் வேலை முழுவதையும் இந்த வினை செய்வதில்லை. அவர் கோபமானார், அவர் டாக்டரானார் ஆகிய இரண்டையும் நாம் ஒரே வினையால் முடிக்கிறோம். கோபத்துக்கு 'காட்' சரி. டாக்டருக்கு அதைப் போட்டால், அவர் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தார் அல்லது அழைத்து வந்தார் என்று வாக்கியம் தடம் மாறிவிடும். அங்கே 'பிகேம்' வர வேண்டும். பைத்தியம், குருடு, வழுக்கை, உணவு கெட்டுப்போதல் போன்ற சில நிலைமைகளுக்கு ஆங்கிலம் 'கோ' என்னும் வினையைத் தேர்ந்தெடுக்கிறது. இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பதைவிட, நாமும் பால் திரிந்தது, பழம் அழுகியது, சோறு ஊசிப்போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வினை வைத்திருக்கிறோம் என்பதை நினைத்து அமைதி அடையலாம்.

அடுத்து வருவது வினையின் முடிவுற்ற வடிவமாக இருந்தால், அதாவது நாம் செயப்பாட்டுவினைக்குக் கையாளும் வடிவமாக இருந்தால், விவகாரம் இன்னும் சுவையாகிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் 'கெட்' கொண்டு அமைத்த செயப்பாட்டுவினை காணப்படுகிறது. வழக்கமான செயப்பாட்டுவினை நடந்ததை ஒட்டுறவில்லாமல் அறிவிக்கும். 'கெட்' கொண்டு அமைவது, நடந்தது அந்த ஆளைத் தாக்கிய விதத்தையும் சேர்த்துச் சொல்லும். அவன் கைதானான், ஏமாற்றப்பட்டான், வண்டியில் அடிபட்டான், வேலையிலிருந்து தூக்கப்பட்டான் என்பன போன்ற கெடுதிகளுக்கு அது பெரிதும் பயன்படுகிறது. பதவி உயர்வு போன்ற நல்ல நிகழ்வுகளுக்கும் வரும், ஆனால் ஒருவரைத் தொட்டுப் பாதிக்கிற நிகழ்வாக இருக்க வேண்டும். ஒருவர் எல்லாராலும் நேசிக்கப்பட்டார், அறியப்பட்டார் என்பன போன்ற அமைதியான நிலைகளுக்கு இந்த அமைப்பு ஒட்டாது.

தமிழில் செயப்பாட்டுவினையை அமைக்கும் துணைவினை 'படு'. அதன் தனிப்பொருள் துன்பத்துக்கு உள்ளாதல்: பாடு பட்டான், அடி பட்டான், அவதிப்பட்டான். ஆங்கிலத்தின் 'கெட்' செயப்பாட்டுவினைக்கும் நம் 'படு'வுக்கும் உள்ள இந்த ஒற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். ஆனால் கற்பவருக்கு அது நல்ல கைப்பிடி. இன்னொரு வியப்பு: எழுத்துத் தமிழில் 'பெறு'வும் செயப்பாட்டுவினையை அமைக்கிறது. கூட்டம் நடத்தப்பெற்றது, நூல் வெளியிடப்பெற்றது என்று அழைப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் படிக்கிறோம். அங்கே 'படு' என்பது கெடுதியின் சாயலைக் கொண்டது என்று கருதி, மங்கலமான நிகழ்ச்சிகளுக்குப் 'பெறு'வைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. அடைதலைக் குறிக்கும் வினையே செயப்பாட்டுவினையாக மாறும் இந்த வழியில் இரு மொழிகளும் நடந்திருக்கின்றன. ஒன்று அடி வாங்கும் பக்கம் போயிற்று, மற்றது மாலை வாங்கும் பக்கம் போயிற்று.

இந்த அமைப்பில் தொலைதல், மாட்டிக்கொள்ளுதல், பழகிப்போதல், உடுத்திக்கொள்ளுதல் போன்றவற்றுக்கான தொடர்கள் அன்றாடம் புழங்குகின்றன. நாம் 'போ', 'கொள்' ஆகிய துணைவினைகளைக் கொண்டு செய்யும் வேலையை அங்கே 'கெட்' செய்கிறது. திருமணமும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது: "ஷி காட் மேரீட்" என்றால் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நாம் ஒருவருடன் மணம் நடந்ததாகச் சொல்வதால் 'வித்' போடத் தோன்றும். ஆங்கிலம் அங்கே 'டு' கேட்கிறது.

ஒருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்துகொள்ளும்போது வரும் அமைப்பு, தமிழ் பேசுகிறவர்கள் மிகுதியாகத் தவறவிடும் இடம். "நேற்று முடி வெட்டிக்கிட்டேன்" என்று நாம் சொன்னால், கத்தரிக்கோல் நம் கையில் இருந்ததாக யாரும் நினைப்பதில்லை. வீடு கட்டினேன் என்கிறவர் கொத்தனார் வேலை பார்க்கவில்லை. பல் பிடுங்கிக்கொண்டேன் என்கிறவர் குறடு பிடிக்கவில்லை. செய்தவர் யார் என்பதை உலக அனுபவத்துக்கு விட்டுவிடுவது தமிழின் பழக்கம். இதை அப்படியே "ஐ கட் மை ஹேர்" என்று ஆங்கிலப்படுத்தினால், கேட்கிற ஆங்கிலேயர் நம் தலையைக் கொஞ்சம் கவலையோடு பார்ப்பார். பல்லைப் பற்றி அப்படிச் சொன்னால் கவலை திகிலாகிவிடும். "ஐ காட் மை ஹேர் கட்" என்று, 'காட்' என்பதற்கும் வினைக்கும் நடுவே பொருளை வைத்துச் சொன்னால், பிறரைக் கொண்டு செய்துகொண்டது என்பது தெளிவாகும். இந்தச் சொல்வரிசைதான் எல்லாம்.

வேலை செய்கிற ஆளையும் சொல்ல வேண்டும் என்றால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. செய்யவைத்தல் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று வினைகள் உண்டு. 'மேக்' என்றால் வற்புறுத்தல். 'ஹேவ்' என்றால் செய்யச் சொல்லும் உரிமையோடு ஒப்படைத்தல். 'கெட்' என்றால் பேசி, கெஞ்சி, நைச்சியம் பண்ணி இணங்கவைத்தல். கஷாயம் குடிக்க மறுக்கும் குழந்தையின் மூக்கைப் பிடித்துப் புகட்டினால் முதல் வினை, கதை சொல்லிப் புகட்டினால் மூன்றாம் வினை. இந்த மூன்றில் 'கெட்' மட்டுமே அடுத்த வினைக்கு முன் 'டு' கேட்கும். வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஆளைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கொண்டுபோவதால் அந்த 'டு' அங்கே நிற்கிறது என்று நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் ஏற்பார்களா என்பது வேறு.

'டு' சேரும்போது இன்னொரு பொறியும் காத்திருக்கிறது. "ஐ காட் டு சீ ஹிம்" என்றால் அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. "ஐ'வ் காட் டு சீ ஹிம்" என்றால் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். "ஐ காட் டு சென்னை" என்றால் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன். காதில் விழும்போது முதல் இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய உதட்டொலிதான் வேறுபாடு. வேகப் பேச்சில் அதுவும் கரைந்து, இரண்டாவது 'காட்டா' என்று சுருங்கிவிடும். வாய்ப்பு, கட்டாயம், வந்தடைதல் என்று மூன்று வேறு செய்திகள். முதலாவதற்குத் தமிழில் இயல்பான இணை இருக்கிறது: அவரைப் பார்க்கக் கிடைத்தது என்கிறோம், பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது என்றும் சொல்கிறோம். இதே நோர்ஸ் வினை இன்றைய ஐஸ்லாந்து மொழியில் 'இயலும்' என்னும் பொருளில் வழங்குவதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். வாய்ப்புக் கிடைப்பதற்கும் இயல்வதற்கும் இடையே அதிகத் தொலைவில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் வந்த 'ஹேவ் காட்' தனிக்கதை. அடைந்திருக்கிறேன் என்று தொடங்கிய அந்தத் தொடர், அடைந்தது கையில் இருக்கும் அல்லவா என்னும் இயல்பான ஊகத்தால், என்னிடம் இருக்கிறது என்னும் பொருளுக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கிலேயே வந்துவிட்டது. உருவத்தில் முடிந்த காலம், பொருளில் நிகழ்காலம். பிரிட்டனில் இது இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. அமெரிக்கர்கள் இன்னொரு பழைய வடிவத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதால், அவர்களிடம் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. 'காட்' என்றால் கையில் இருப்பது, 'காட்டன்' என்றால் புதிதாகக் கைக்கு வந்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். (தமிழ் எழுத்தில் இது பருத்தித் துணியாகத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை.) இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் பிரிட்டிஷ் வழியில் 'காட்' என்றே படித்தவர்கள் என்பதால், அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் 'காட்டன்' என்று எழுதும்போது சில ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். அது பிழையன்று, அட்லாண்டிக்கின் மறுகரையில் தங்கிப்போன பழைய ஆங்கிலம். மறத்தலுக்கான 'ஃபர்காட்டன்' பிரிட்டனிலும் அந்த வாலோடுதான் இன்றும் உலவுகிறது.

இடத்தைக் குறிக்கும் இடைச்சொற்களோடு சேரும்போதுதான் 'கெட்' மிகப் பெரிய கூட்டத்தைத் திரட்டுகிறது. தொலைபேசியில் லைன் கிடைப்பதும், தேர்வில் தேறுவதும் 'கெட் த்ரூ'. துக்கத்திலிருந்தும் நோயிலிருந்தும் மீள்வது 'கெட் ஓவர்'. கைக்கும் வாய்க்குமாகக் காலத்தை ஓட்டுவது 'கெட் பை'. ஒத்துப்போவது 'கெட் அலாங்'. தப்பைச் செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் நழுவிவிடுவது 'கெட் அவே வித்'. சுற்றி வளைத்துப் பேசுகிறவரிடம், என்னதான் சொல்ல வருகிறாய் என்று நாம் கேட்பதை, ஆங்கிலத்தில் 'கெட்டிங் அட்' கொண்டு கேட்பார்கள். எல்லாவற்றிலும் ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் அசைவு இருக்கிறது. துளையின் ஊடாக, தடையின் மேலாக, பக்கத்தில் ஒட்டி, கூடவே, விலகி, குறியை நோக்கி என்று இடைச்சொல் திசையைக் காட்டுகிறது. இவற்றை அகரவரிசையில் உருப்போடுவதைவிடத் திசைவாரியாகப் படம் போட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் தனியே பேச வேண்டியவை. நமக்கு எந்த வண்டியானாலும் ஏறு, இறங்கு. ஆங்கிலத்தில் பேருந்து, ரயில், விமானம், சைக்கிள் ஆகியவற்றுக்கு 'ஆன்', 'ஆஃப்'. காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்', 'அவுட்'. உள்ளே எழுந்து நடக்கலாம் அல்லது மேலே உட்கார்ந்து ஓட்டலாம் என்றால் முதல் இணை, குனிந்து நுழைந்து உட்கார வேண்டும் என்றால் இரண்டாம் இணை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். நாம் இவை எதையும் பொருட்படுத்தாமல் "நெக்ஸ்ட் ஸ்டாப் கெட் டவுன்" என்கிறோம். இறங்குதலில் கீழ்நோக்கிய அசைவு இருப்பதால் 'டவுன்' நமக்கு இயல்பாக வருகிறது. இந்தியா முழுவதும் இந்த வழக்கு பரவியிருக்கிறது. இங்கிலாந்தில் ஓடும் பேருந்துக்குள் ஒருவர் "கெட் டவுன்!" என்று கத்தினால், பயணிகள் நிறுத்தத்தில் இறங்க மாட்டார்கள், தலையைக் குனிந்து இருக்கைக்கு அடியில் பதுங்குவார்கள். இலங்கை ஆங்கிலம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளைத் தருவிப்பதற்கும், வெளியூரிலிருந்து ஓர் ஆளை வரவழைப்பதற்கும் 'கெட் டவுன்' என்பார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதையும் இறக்குமதி என்னும் சொல்லையும் அறிந்த தமிழ்க் காதுக்கு அதில் விந்தை ஒன்றும் இல்லை. இவற்றைப் பிழை என்று ஒதுக்குவதற்கில்லை. நம் மண்ணில் விளைந்த ஆங்கிலம். ஆனால் எந்த ஊர்ப் பேருந்தில் இருக்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அலுவலகக் கடிதத்தில் 'கெட்' எழுதலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 1066க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியின் வழியே வந்து குவிந்த பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தின் மாடியில் குடியேறின. 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'அரைவ்' போன்றவை அந்த மாடிவாசிகள். 'கெட்' கீழ்த்தளத்தில் தங்கிவிட்டது. உங்கள் கடிதம் கிடைத்தது என்று நண்பருக்கும், தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம் என்று அலுவலகத்துக்கும் எழுதுகிறவர்களுக்கு இந்த மாடிக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாடிச் சொற்களை மட்டுமே அறிந்து, நண்பரிடம் பேசும்போதும் 'அப்டெய்ன்' என்று பேசுகிறவரின் ஆங்கிலம், கடைக்காரரிடம் கத்தரிக்காய் பெற்றுக்கொள்ள விழைகிறேன் என்று சொல்கிறவரின் தமிழைப் போல இருக்கும். நம் ஊரில் ஆங்கிலம் படித்தவர்களில் பலர் எழுத்தில் திறமையாகவும் பேச்சில் விறைப்பாகவும் இருப்பதற்கு, 'கெட்' மீது பழக்கம் வராததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழுக்குள்ளேயே குடிவந்துவிட்ட 'கெட்' தொடர்களும் உண்டு. 'கெட் அவுட்' என்பதை ஆங்கிலமே தெரியாதவரும் கோபத்தில் சொல்வார். பழைய மாணவர்கள் கூடினால் அது 'கெட் டுகெதர்'. இவற்றுள் முழுத் தமிழ்ச் சொல்லாகவே மாறிவிட்டது 'கெட்டப்'. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்கு உடை, ஒப்பனை என்பதுதான் பொருள் என்றாலும், சற்று வினோதமான உடுப்பு என்னும் நக்கல் அதில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் திரையுலகம் அந்த நக்கலை உதறிவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. நடிகர் புதுப் படத்துக்காகத் தாடி வளர்த்தாலும், மொட்டை அடித்தாலும், முதியவராக நரை பூசிக்கொண்டாலும் அது புது கெட்டப். நான்கு வேடம் போட்டால் நான்கு கெட்டப். இங்கே ஒருவரிடம் "கெட்டப் பிரமாதம்" என்றால் அவர் மகிழ்வார். அதையே ஆங்கிலத்தில் ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், அவர் கண்ணாடி இருக்கும் இடத்தைத் தேடிப் போவார்.